திரும்பிப் பார்க்கும் அன்னம்

அன்புள்ள வேதா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். நீ பிறந்த பதினாறாம் நாள் உன்னைத் தொட்டிலில் போடும்போதே, இந்தப் பெண் டில்லிக்குப் போகும், பெரிய படிப்புப் படிக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வருவான், அதற்கு நம் தெரு குறுக்கே நிற்கும் என்று வரிசையாகச் சொன்னேன். இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று படித்த உன் அத்தை, "அன்னைக்கு நீ ஒண்ணுமே சொல்லல. தொட்டில் கயிறைச் சரியா கட்டாம கொழந்தைய கீழ போடப் பாத்த. அத எழுது" என்கிறாள். அவளுக்கு ஞாபகசக்தி போதாது. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்தினாள் என்பதே பெரிய விஷயம்.

நான் உன் தாய்மாமன்தான். ஆனால் உன் அம்மா, என் தங்கை, உனக்கு மூன்று வயதில் போய்ச் சேர்ந்த பிறகு, உன் அப்பா வடக்கே வேலைக்குப் போய் வேறொரு குடும்பமாகிவிட்ட பிறகு, நீ எங்கள் மகள். மாமா என்று நீ கூப்பிட்டாலும் என் காதில் அது வேறு மாதிரிதான் விழும். அதனால் இது தகப்பன் மகளுக்கு எழுதும் கடிதம். ஆனால் ஒளித்து எழுதும் கடிதம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெரு மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சத்தமாக வாசிக்கப்போகிறேன். என் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், மைக் தேவைப்படாது.

போன வாரம் போனில் நீ கேட்டது ஒரே கேள்வி. "மாமா, அக்கரைக்காரங்க கதவச் சாத்துனது நெசமா நடந்துதா?" எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் என் வாய் அதன் இஷ்டத்துக்குப் போய்விடும். கை கொஞ்சம் மெதுவாகப் போகும். போகிற வழியில் நிறுத்தவும் செய்யலாம்.

அதற்கு முந்தின ஞாயிறு, உன் கல்யாணம் பற்றிக் கூடிய தெருக் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன். உன் மாப்பிள்ளை கார்த்தியின் வீடு இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் கூப்பிடு தூரம். நம் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தாலே போதும், நீங்கள் இரண்டு பேரும் டில்லி வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டீர்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. தகராறு எல்லாம் சொம்பைப் பற்றித்தான். அக்கரைக்குப் பெண் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஆற்றின் நடுமணலுக்கு வந்து, நம் தெருவின் முன்னால் தலைகுனிந்து, அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்குக் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். இதற்கு முன் இரண்டு கல்யாணங்களில் சொம்பு வந்தது. இரண்டே கல்யாணத்தில் அது காலங்காலமான வழக்கமாகிவிட்டது. இந்த முறை குனிய வேண்டியவர் கார்த்தியின் தாத்தா ஏகாம்பரம். எண்பது வயது. இன்னமும் முதுகு வளையாமல் நடக்கிறவர்.

"பொண்ணு குடுக்கறதுல ஒண்ணும் பேஜார் இல்லீங்க. சொம்பு வரணும், அவ்ளோதான்" என்றார் தெருத் தலைவர்.

கார்த்தியின் அப்பா எழுந்து நின்று, "எங்கப்பா வரமாட்டேன்றாருங்க. நான் தண்ணிய எப்பவோ குடுத்தாச்சு, ரெண்டாவது வாட்டி எதுக்குன்னு கேக்குறாரு" என்றார்.

மண்டபமே சிரித்தது. "பெருசு கொழம்பிப்போச்சுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் முன்னால் வந்து, "வரலாற மறக்க முடியாதுங்க. நம்ம அன்னத்துக்குக் கதவச் சாத்தினவங்க, ஒரு வாட்டி குனிஞ்சா கொறஞ்சா பூடுவாங்க?" என்றான். கை தட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாத கதையா?"

இந்தத் தெருவில் எனக்குப் பெயரே மாமா என்றாகி வெகுநாளாயிற்று. எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தன. என்னிடம் கேட்டார்களே என்ற சந்தோஷத்தில் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன், வேதா. ஒரு தலையாட்டல். கார்த்தியின் அப்பா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "அப்ப இந்தக் கல்யாணம் ஒங்க தெரு இல்லாமத்தான் நடக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தெரு போகாத கல்யாணத்துக்குத் தாய்மாமனும் போகக்கூடாது என்று உடனே தீர்மானம் போட்டார்கள். நீ மணையில் உட்காரும்போது உனக்குச் சேலை எடுத்து வைக்க வேண்டிய கை, வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

கார்த்தியோடு வரப்போகும் உன் டில்லிச் சிநேகிதர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீ காதைப் பொத்திக்கொள், உனக்கு மனப்பாடம். முன்னொரு காலத்தில் ஏழு மதில் நகரம் ஒன்று இருந்தது. அங்கே நம் முன்னோர் நெய்த பட்டு, வெயில் பட்டால் தண்ணீர் மாதிரி ஓடும். ஒருநாள் அந்த நகரம் எரிந்தது. தறியைப் பிரித்து முதுகில் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு அன்னம் நடந்தது. பத்து அடிக்கு ஒருமுறை நின்று, கழுத்தைத் திருப்பி, எல்லோரும் வருகிறார்களா என்று பார்த்தது. அப்படித் திரும்பியபோது துரத்தி வந்தவன் விட்ட அம்பு கழுத்தைக் கீறியது. ரத்தம் சொட்டச் சொட்ட நடந்து வந்து, கமண்டல நாகநதிக்கு அந்தக் கரையில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்த இடத்தில் முதல் தறிக்குழி தோண்டினார்கள். அதுதான் நம் தெரு. நம் தெருச் சேலை பார்டரில் அன்னம் திரும்பிப் பார்ப்பதும், அதன் கழுத்தில் ஒரு சின்ன வெட்டு இருப்பதும் அதனால்தான்.

இந்தக் கதை எவ்வளவு பழையது என்று உன் மாதிரிப் படித்தவர்கள் ஆராயலாம். எனக்குத் துல்லியமாகத் தெரியும். என் இருபத்திரண்டாவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அது பிறந்தது.

அப்போது நான் ஜக்கார்டுத் தறிகளுக்கு அட்டை கோர்க்கிறவன். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோர்த்துத் தறிமேல் ஏற்ற வேண்டும். அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சேலையில் உருவம் வளரும். ஆரணியில் மட்டுமல்ல, முள்ளிப்பட்டு வரைக்கும் என் கைக்கு ஒரு மரியாதை உண்டு. அட்டையின் எண்ணைப் பார்த்துக் கோர்ப்பவன் கற்றுக்குட்டி, நான் தடவிப் பார்த்தே கோர்ப்பேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று அன்ன பார்டருக்குக் கோர்த்துக்கொண்டே பக்கத்துத் தறிக்காரருக்கு ஏதோ ஒரு கதை அளந்துகொண்டிருந்தேன். கதையில் நானே மயங்கிப்போய், வால் அட்டை, உடம்பு அட்டை எல்லாம் சரியாகக் கோர்த்து, கழுத்தும் தலையும் இருந்த அட்டைக் கட்டை மட்டும் தலைகீழ் வரிசையில் கோர்த்துவிட்டேன். அந்தத் தறியில் சேலை குப்புறப் படுத்தபடிதான் வளரும். நெய்பவர் ஊருக்குப் போயிருந்ததால் நானே உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு முழம் நெய்தேன். புரட்டிப் பார்த்தால் அன்னத்தின் உடம்பு கிழக்கே பார்க்கிறது, அலகு மேற்கே பார்க்கிறது. கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒட்டாமல் ஒரு வெட்டு. அந்த ஒரு முழத்தை அறுத்து மடியில் சுருட்டிக்கொண்டு, மணலில் புதைத்துவிடலாம் என்று ஆற்றுக்கு ஓடினேன்.

சித்திரை வெயில். ஆற்றில் தண்ணீர் கிடையாது. மணல் அலை அலையாகக் கண்ணுக்கு முன் ஆடியது, நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. தூரத்தில் தென்னைகள் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி இருந்தன. தாகம் தாங்காமல் அக்கரைக்குப் போய் முதல் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். திரும்பி வந்தேன். கதையில் வரும் கதவு அங்கிருந்து வந்ததுதான். என் தாகத்தை எடுத்துச் சில நூறு வருடம் பின்னால் வைத்தேன், அவ்வளவே. ஆகையால் கதவு முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது முதலாளி தறிக்குழி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரோடு சென்னையிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர். "இன்னாடா மடியில?" என்றார் முதலாளி. ஒளிக்க இடமில்லை. எடுத்து விரித்தேன். முதலாளியின் கை ஓங்குவதற்கு முன்னால் என் வாய் திறந்துகொண்டது. "இது தப்பு இல்லீங்க. இதுதான் நம்ம பழைய பட்சி. இத்தினி நாளா எல்லாரும் தப்பா நெய்ஞ்சிகினு இருந்தாங்க" என்று ஆரம்பித்தேன். ஏழு மதில், தீ, அன்னம், அம்பு எல்லாம் தானாக வந்தன. கழுத்து வெட்டுக்கு அம்பைக் கொண்டுவந்தது எனக்கே பிடித்திருந்தது. கடைக்காரர் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் கண் கலங்கியது. தாம்பரம் பக்கம் வீடு வாங்கிப் போன பிறகு இந்த ஊருக்கு வருவதே குறைந்துவிட்டது என்று எதையோ நினைத்துக்கொண்டு சொன்னார். "இதே மாதிரி நெய்ங்க. இந்தக் கதையையும் ஒரு சீட்டுல எழுதி சேலைக்குள்ள வைங்க" என்றார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவரும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். கதை என் கையை விட்டுப் போய்விட்டது. மண்டபச் சுவரில் ஓவியர் வந்து ஏழு மதில் நகரம் வரைந்தார், அதில் மதில்மேல் டியூப்லைட் மாதிரி ஒன்று இருக்கும், நீ சின்ன வயதில் கண்டுபிடித்துச் சிரித்தாய். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகம் போட்டார்கள். கல்யாணப் பெண்கள் தெருமுனையில் நின்று மூன்று முறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஒருமுறை டீக்கடையில் நான் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "ஒனக்கு இன்னா தெரியும்? அன்னம் எடது கால நொண்டிகினு வந்துது. எங்க கொள்ளுத்தாத்தா சொல்லுவாரு." அவர் பொய் சொல்லவில்லை, வேதா. அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கு உண்மையாகவே ஞாபகம் வந்திருந்தது. நான் போட்ட கதைக்குள் அவருடைய தாத்தாவின் குரல் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து நானும் நொண்டியைச் சேர்த்தே சொல்கிறேன்.

விடியற்காலையில் நம் தெருவில் பாவு நீட்டியிருப்பார்களே, அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகப் பட்டு இழைகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பனியில் மிதந்துகொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் பார்த்தால் தெரு எங்கேயோ நடந்து போய்க்கொண்டிருக்கிற மாதிரித் தெரியும். அப்போது எனக்கே அன்னத்தின் கால் சத்தம் கேட்டிருக்கிறது. இதில் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் டிசைன் போட ஆரம்பித்த காலத்தில் ஒரு பையன் அந்தக் கழுத்து வெட்டை அழகாகச் சேர்த்துச் சரிசெய்து கொண்டுவந்தான். ஒரு வீட்டிலும் அந்த டிசைனைத் தறியில் ஏற்றவில்லை. "இது நம்ம பட்சி இல்ல" என்றார்கள். என் தப்பு அவர்களுக்கு அத்தாட்சியாகிவிட்டது. தப்பைத் திருத்தினவன் அந்நியனாகிவிட்டான்.

நீ தமிழில் எழுதிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். எட்டாம் வகுப்பில் நின்றவன் மூன்று முறை படித்தால் அது எம்.ஏ.வுக்குச் சமம். தேசங்கள் தங்களுக்கு ஒரு பழைய கதையை எப்படிக் கட்டிக்கொள்கின்றன என்று எழுதியிருந்தாய். ஓநாயிடம் பால் குடித்த இரட்டைப் பிள்ளைகள் கட்டிய ஊர் எங்களுடையது என்கிறது ஒரு நாடு. பாம்பைக் கவ்விய கழுகு கள்ளிச்செடிமேல் உட்கார்ந்த இடம் எங்கள் தலைநகரம் என்கிறது இன்னொன்று. நாங்கள் சூரியனுக்கே வாரிசு என்கிறது மூன்றாவது. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் எல்லோரும் என் சாதிதான். எந்த நாட்டிலும் முதலில் ஒருவன் அட்டையை மாற்றிக் கோர்த்திருப்பான், உதை விழுவதற்கு முன்னால் வாயைத் திறந்திருப்பான். என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லா ராஜாக்களுக்கும் ஒரே மீசை, ஒரே மூக்கு. வரைந்தவரின் மச்சானாக இருக்கும் என்று நான் அப்போதே சொன்னேன், வாத்தியார் வெளியே நிற்க வைத்தார். உன் கட்டுரையின் அடிக்குறிப்பில் எத்தனையோ வெள்ளைக்காரர் பெயர்கள் இருக்கின்றன, ஆரணி மாமா பெயர் இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டதாக உன் அத்தை சொன்னால் நம்பாதே.

ஆனால் நீ எழுதாத ஒன்றை நான் அனுபவத்தில் அறிவேன். ஆரம்பத்தில் வெறும் அன்னத்தை வைத்துக் கதை சொன்னபோது எல்லோரும் புன்னகை செய்தார்கள், நல்லா இருக்கு மாமா என்று எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள். கடைக்காரரிடம் சொன்னபோதுகூடக் கதவு கிடையாது. ஒரு மாதம் கழித்து ஒரு திருவிழாவில் சொல்லும்போதுதான் அக்கரைக் கதவைச் சேர்த்தேன். சேர்த்த நிமிடமே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒரு பெண் வயிற்றில் அடித்துக்கொண்டு, "ஒரு வாய்த் தண்ணி குடுக்கலியே பாவிங்க" என்றாள். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அன்னம் அவர்களுக்கு அழகைக் கொடுத்தது. கதவுதான் அவர்களை நாம் என்று சொல்ல வைத்தது. தெருவுக்கு இது என்றால் தேசத்துக்கு எப்படி இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். எங்கேயாவது ஒரு நாட்டின் கதையைக் கேட்டால், அவர்களுடைய ஓநாயோடும் கழுகோடும் சண்டை போடாதே. அதை எடுத்துவிட்டால் சனங்களுக்குக் குளிரும். கதவு எங்கே என்று மட்டும் தேடு. அது யார் வீட்டுக் கதவு, சாத்தினதைக் கண்ணால் பார்த்தவன் யார் என்று கேள்.

உனக்கு நான் செய்த தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் நீ பூகோளப் படப்புத்தகத்தைக் கொண்டுவந்து, "ஏழு மதில் நகரம் எங்க மாமா கீது? மிஸ் காட்டச் சொன்னாங்க" என்று கேட்டாய். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பேனாவை எடுத்து, வடக்கே மலைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். நீ அந்தப் புள்ளியை எத்தனை வருடம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய்! வெயில் காலத்தில் வாசலில் பாய் விரித்துப் படுத்து, புத்தகத்தை மார்மேல் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் வருவாய். மதிலில் எந்தப் பக்கம் வாசல், அன்னத்துக்குக் குளம் இருந்ததா என்று கேட்பாய். நான் ஒவ்வொன்றாகக் கட்டிக் கொடுத்தேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் விடுமுறைக்கு வந்து, "அந்தப் புள்ளி இருக்கற எடத்துல ஒரு அணைக்கட்டுதான் இருக்கு மாமா" என்றாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் என் தட்டில் தோசை போட்டுவிட்டு, "பொய்னு தெரிஞ்சும் அந்தப் பட்சிய எனக்குப் பிடிக்குது. அதான் எரிச்சலா இருக்கு" என்றாய். நீ வரலாறு படித்ததே அந்தப் புள்ளியால்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்த மூன்று நாளை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில், நான் தனியாக ஆற்றைக் கடந்தேன். அதே மணல். நாணல் பூத்திருந்தது, காற்றில் வெள்ளையாக ஒரு பக்கம் சாய்ந்து, நடக்கிற பறவைக் கூட்டம் மாதிரி இருந்தது. நடுமணலில் நின்று திரும்பிப் பார்த்தேன். நம் தெருவின் கூரைகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. அக்கரையில் முதல் வீடு. ஏகாம்பரம் உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"வாப்பா. பறவ எப்டி கீது?" என்றார்.

"நல்லா கீது."

"கழுத்து ஆறிடிச்சா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு, வேதா! அவர் ராட்டையை நிறுத்தாமலே பேசினார். "எம் பேரன் சின்ன வயசுல ஒன் கதையைக் கேட்டுகினுதான் தூங்குவான். எங்க வீட்டுப் பொம்பளைங்க சொல்லுவாங்க. நல்ல கதைப்பா. நானும் ஒக்காந்து கேப்பேன். கதவு வர எடத்துல மட்டும் எழுந்து வெளிய பூடுவேன்."

"இத்தினி வருசமா ஏன் யாருகிட்டயும் சொல்லல நீங்க?"

"சொல்லி? ஒண்டி ஆளு வார்த்தைய தெருவே நிக்கற எடத்துல யாரு கேப்பாங்க? நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஜல்தியா சொல்லுவேன்னு நெனச்சேன்."

அதனால் இப்போது சொல்கிறேன். மேலே எழுதியதில் அட்டை மாறிப்போனது உண்மை, ஓடியது உண்மை, மணலும் தாகமும் உண்மை. அன்னத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், அது என் கையில் பிறந்தாலும் இப்போது இந்தத் தெருவின் பிள்ளை. ஆனால் அன்று அக்கரையில் கதவைச் சாத்தினார்கள் என்று எழுதினேனே, அது நான் கட்டியது. உள்ளே கேட்ட தறிச் சத்தம் நின்றது. ஒரு மனிதர் எழுந்து வந்தார், என்னை உட்காரச் சொன்னார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அது ஏகாம்பரம். என் மடியில் இருந்த துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். மணலில் புதைக்கப்போகிறேன் என்றேன். "பொதைக்காதடா. இது திரும்பிப் பாக்குது பார். பின்னாடி யாரோ வரலியேன்னு பாக்குற மாதிரி கீது. இப்டியே இருக்கட்டும் வுடு" என்றார். என் வாழ்நாளில் நான் சொன்ன கதைகளிலேயே உயர்ந்த வரி அதுதான். அது என்னுடையது இல்லை. வேறொருவன் கொடுத்த வரி என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, அந்த ஆளைக் கதைக்கு உள்ளேயே வராதபடி செய்தேன். அவர் திறந்து வைத்த கதவை, ஒரு மாதம் கழித்து, திருவிழாக் கூட்டத்தின் முன்னால் நின்று நான் சாத்தினேன். அதைத்தான் நம் தெரு வரலாறு என்கிறது. அதற்காகத்தான் அந்த மனிதரைக் குனியச் சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இதை வாசித்து முடித்ததும் என்னைத் தெருவிலிருந்து தள்ளி வைப்பார்களோ, அடிப்பார்களோ, அல்லது நான் சொல்வதையே நம்பாமல் எனக்குக் கதை தெரியாது என்பார்களோ தெரியாது. கடைசியில் சொன்னதுதான் நடக்கும், இதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். எது நடந்தாலும் உன் கல்யாணத்துக்கு முதல் நாள் சொம்பு நடுமணலுக்கு வரும். இந்தப் பக்கத்திலிருந்து, என் கையில். குனியப்போவது நான். மறுநாள் அந்தக் கை உனக்குச் சேலை எடுத்து வைக்கும். தெரு வந்தால் தெருவோடு, வராவிட்டால் நானும் அத்தையும் அந்த நொண்டி அன்னமுமாக.

அன்றைக்கு இரண்டு சொம்பு குடித்தேன், வேதா. வெயிலில் வந்தவனுக்கு வெறும் தண்ணீர் ஆகாது என்று இரண்டாவது சொம்பில் சீரகம் போட்டுக் கொடுத்தார்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த உன் அத்தை தோளில் இடிக்கிறாள். "சீரகமா? நெசமாவா?"

சரி. சீரகம் நான் சேர்த்தது. தண்ணீர் கொடுத்தார்.